தாய்மாமன் கொண்டுவந்த காற்று

அம்மிக் கல்லால் ஒரு கல்யாணம் நிற்கும் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் ஜெகதீஸ்வரன் சிரித்திருப்பார். சொன்னது சொந்த அக்காள் மகள் ரூபினி. அதுவும் அழுதுகொண்டே சொன்னாள். அதனால் சிரிப்பு வரவில்லை.

தியோமான் தீவில், கடலுக்குள் மூழ்கிப் பவளப்பாறை பார்க்க வரும் வெள்ளைக்காரர்களுக்கும் கோலாலம்பூர்க்காரர்களுக்கும் காற்றுக் கலன் நிரப்பிக் கொடுக்கும் கொட்டகை ஒன்று உண்டு. முப்பது வருஷத்துக்கு மேலாக அதுதான் அவர் உலகம். அங்கே நின்றுகொண்டுதான் கைப்பேசியைக் காதில் வைத்திருந்தார்.

"மாமா, நீங்க வந்து அந்தக் கல்லை எடுத்துக் குடுத்தாத்தான் கல்யாணம். இல்லைன்னா ரெண்டு அம்மாவும் சேந்து எங்களைப் பிரிச்சிடுவாங்க லா."

"எந்தக் கல்லும்மா?"

"கீழ் லயத்து அம்மி. அணைத் தண்ணிக்குள்ள கெடக்குதே, அது."

ஜெகதீஸ்வரன் கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினார். கீழ் லயம் என்ற சொல்லைக் காதால் கேட்டே எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

கேமரன் மலையில் அவர் பிறந்த தேயிலைத் தோட்டத்தின் பள்ளத்தில் இருந்த வீட்டு வரிசை அது. அவர் இளவட்டமாகத் திரிந்த காலத்தில் தோட்டத்து அணையை உயர்த்தினார்கள். குடும்பங்களை மேட்டில் கட்டிய புது லயத்துக்குப் போகச் சொன்னார்கள். ஒரு வாரத்தில் ஏறும் என்று துரை சொன்ன தண்ணீர், மழை பிடித்துக்கொண்டதால் ஒரே இரவில் ஏறிவிட்டது. கோழி மேலே வந்தது, சாமி படம் வந்தது, அடுக்குப் பானை வந்தது. அடுத்த நடைக்கு என்று விட்டுவைத்த அம்மி வரவில்லை.

இப்போது ரூபினிக்கும் குகனேஸ்வரனுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. குகனேஸ்வரன் அடுத்த வீட்டு மணியம்மாவின் மகன். கீழ் லயத்திலும் அடுத்த வீடு, மேல் லயத்திலும் அடுத்த வீடு. இரண்டு பிள்ளைகளும் ஒரே ஸ்கூல் பஸ்ஸில் போய் வந்தவர்கள். சம்பந்தம் பேசியபோது மறுத்துச் சொல்ல ஆளே இல்லை. நிச்சயதார்த்தத்தன்று, வெற்றிலைத் தட்டு மாற்றிய கையோடு, ஜெகதீஸ்வரனின் அக்காள் வடிவம்மாள் ஒரு பெருமூச்சு விட்டாள்.

"எங்க அம்மி மட்டும் இருந்திருந்தா எம்மக அதைத்தான் மிதிச்சிருப்பா. ஹ்ம்ம்."

அந்தப் பெருமூச்சுதான் வினை.

"எங்க அம்மின்னு சொல்லாத வடிவு" என்றாள் மணியம்மா. "அது எங்க மாமியார் வீட்டு அம்மி."

"ஐயே! எங்கம்மா அரைச்ச கல்லு. நான் அரைச்ச கல்லு. கறுகறுன்னு இருக்கும், ஓரத்துல ஒரு சொட்டை."

"கறுப்பா? நல்லாயிருக்கே கதை! சாம்பக் கல்லு அது. கீழ்ப்பக்கம் சூலம் கொத்தியிருக்கும். எங்க மாமனாரு உளி புடிச்சுக் கொத்தினது."

"அப்போ நான் பொய்யா சொல்றேன்?"

"நான் அப்படிச் சொல்லல. நீயே சொல்லிக்கிட்டா நான் என்ன பண்ண?"

அவ்வளவுதான். தன்னைப் பொய்க்காரி என்று சொன்ன வீட்டுக்கு மகளை அனுப்ப மாட்டேன் என்று வடிவம்மாள் சொன்னாள். ஒரு கல்லுக்கு உரிமை கொண்டாடுகிறவர்கள் நாளைக்கு மகனுக்கும் உரிமை கொண்டாடுவார்கள் என்று மணியம்மா சொன்னாள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று. கல்யாணம் வரும் ஞாயிற்றுக்கிழமை. "அம்மிக்குக் கல்யாணமா, எனக்குக் கல்யாணமா?" என்று குகனேஸ்வரன் கேட்டானாம். இரண்டு பக்கமும் அவனைத் திட்டினார்களாம்.

"தாய்மாமன் சீரா எனக்கு வேற எதுவும் வேணாம் மாமா" என்றாள் ரூபினி. "அந்தக் கல்லு போதும்."

அதற்கு மேல் ஒரு தாய்மாமன் என்ன செய்வார்? முதலாளியிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

*

வெள்ளிக்கிழமை பிற்பகலில் அவருடைய பழைய பிக்கப் லோரி ரிங்லெட் வழியாக மலை ஏறியது. வழியெல்லாம் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். கோழி எரு வாசம். தோட்டத்து மண் பாதையில் திரும்பியதும் அந்த வாசம் அறுந்து வேறொன்று வந்தது. ஃபாக்டரியில் தேயிலை வாடும் வாசம், பச்சையும் இனிப்புமாக. ஜெகதீஸ்வரன் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டார். குளிர் முகத்தில் அறைந்தது. வேகத்தைக் குறைத்து, வேண்டுமென்றே மெல்ல ஓட்டினார்.

மேல் லயத்து வாசலில் அக்காள் புருஷன் முருகையா நின்றிருந்தார். ஃபாக்டரியின் சலிப்பறையில் தூள் பிரிப்பதிலும் பெட்டி கட்டுவதிலும் ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்ற மனிதர். லோரியின் பின்பக்கத்தில் கிடந்த சிலிண்டர்களை எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, கேஸ் தோங் வியாபாரமா?"

"மூச்சு விடுற தோங் அத்தான்."

"இங்க சும்மாவே மூச்சு வருது. அதுக்குமா தோங்?"

இரண்டு அலுமினியக் கலன்கள், ஒரு பெரிய பிராணவாயு சிலிண்டர், பெட்ரோலில் ஓடும் சின்ன கம்ப்ரசர். எல்லாவற்றையும் வீட்டின் பின்னால் இறக்கினார்கள். உள்ளேயிருந்து வடிவம்மாள் வந்தாள். தம்பியைப் பார்த்ததும் கண் கலங்கியது. அடுத்த கணமே வேலிக்கு அந்தப் பக்கம் மணியம்மா துணி காயப்போடுவது தெரிந்தது. கண் காய்ந்துவிட்டது.

"எந்தம்பி வந்துட்டான். நாளைக்குத் தெரியும் கறுப்பா சாம்பலான்னு" என்றாள், வானத்தைப் பார்த்து.

"தெரியட்டும், தெரியட்டும். வா ஜெகா, நல்லாயிருக்கியா?" என்றாள் மணியம்மா, துணியைப் பார்த்து.

"இருக்கேன் மணிக்கா" என்றார் அவர், இரண்டு பேரையும் பார்க்காமல்.

பிறகு வேலையில் இறங்கினார். கலன்களில் தீவில் அடைத்த காற்று கொஞ்சம் மீதி இருந்தது. கலனை ஒருபோதும் முழுக்கக் காலி செய்வதில்லை. காலி செய்தால் ஈரம் புகுந்துவிடும். அதன் மேல் முதலில் பிராணவாயுவை விட்டார். குழாய் சூடேறாதபடி, கைக்குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுகிற நிதானத்தோடு.

"அத்தான், தலைக்கு எண்ணெய் வெச்ச கையோட கிட்ட வராதீங்க. ஆக்சிஜனும் எண்ணெயும் சேந்தா தீப்புடிக்கும்."

முருகையா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நாலடி தள்ளி நின்றார். "ஏன் மாப்ள, வெறும் காத்து பத்தாதா? இந்தத் தண்ணிக்கு எதுக்கு இவ்ளோ சோடனை?"

"மலை மேல காத்தோட அழுத்தம் கம்மி அத்தான். மூழ்கி எந்திரிச்சா காத்துல இருக்கிற நைட்ரஜன் ஒடம்பை ரொம்பப் படுத்தும். எனக்கு வேற வயசாச்சு, முட்டி நோவு. ஆக்சிஜனைக் கொஞ்சம் கூட்டிக்கிட்டா நைட்ரஜன் அந்த அளவுக்குக் கொறையும். ரொம்ப நேரம் தடவித் தேடணும்ல?"

பிராணவாயு போதுமான அளவு ஏறியதும் கம்ப்ரசரைக் கிளப்பினார். காற்று இழுக்கும் குழாயின் முனையை, எஞ்சின் புகை படாத தூரத்தில், மேட்டிலிருந்த தேயிலைச் செடியில் கட்டியிருந்தார். இந்த மலையின் காற்று அந்தக் குழாய் வழியே நுழைந்து, வடிகட்டிக் கரியைத் தாண்டி, கலனுக்குள் நெருக்கியடித்துப் போய்ச் சேர்ந்தது. கரி எல்லா வாசனையையும் தின்றுவிடும். தேயிலை வாடும் வாசத்தையும் விடாது. அது ஒன்றுதான் அவருக்கு வருத்தம்.

நிரம்பியதும் கலன்களைச் சாக்கின் மேல் படுக்கவைத்து, சப்பாத்தி தேய்ப்பதுபோல முன்னும் பின்னும் உருட்டினார். முருகையாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"உருட்டாத மாப்ள! நாங்க பெட்டி கட்டுறப்போ கலந்து வெச்ச தூளை ஒருத்தன் உருட்டிப்புட்டா துரை கொன்னுடுவாரு. லோரி குலுங்கினாலே போச்சு. கனமான டஸ்ட் எல்லாம் அடியில போய் உக்காந்துக்கும், லேசான இலை மேல வந்துடும்."

"தேயிலையை உருட்டினா பிரியும். வாயுவை உருட்டினா கலக்கும்."

"அதெப்படி? ஆக்சிஜன் கனமா, மத்தது கனமா?"

"ஆக்சிஜன் ஒரு பொட்டு கனம்தான்."

"அப்போ அடியில உக்காந்துடும்."

"உக்காராது அத்தான். வாயு ஒரு எடத்துல நிக்காது, ஓடிக்கிட்டே இருக்கும். ஊத்தின புதுசுல அடுக்கடுக்கா நிக்கலாம். அதுக்குத்தான் படுக்கவெச்சு உருட்டுறது, ராத்திரி பூரா விட்டுவெக்கிறது. ஒரு தடவை கலந்துடுச்சுன்னா கலந்ததுதான். வருசக்கணக்கா நிறுத்திவெச்சாலும் பிரியாது."

"தூளே பிரியுது, காத்து பிரியாதாம்" என்று முருகையா முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். சலிப்பறையில் அவர் கண்ணால் கண்டது பொய்யாகுமா?

*

மறுநாள் காலையில் ஜெகதீஸ்வரன் குகனேஸ்வரனை அழைத்துக்கொண்டு அணையைப் பார்க்கப் போனார். மாப்பிள்ளைப் பையன் உயரமாக, நல்ல கட்டோடு இருந்தான். கயிறு பிடிக்க அவனைத்தான் நினைத்திருந்தார். பனி தண்ணீரின் மேல் பஞ்சுபோலப் படிந்திருந்தது.

"எங்க இருக்கு மாமா கீழ் லயம்?"

ஜெகதீஸ்வரன் சுற்றும் முற்றும் பார்த்தார். அக்கரையில் ஒற்றை ஊசியிலை மரம் ஒன்று நின்றது. அதற்கு நேர்கீழே முன்பு தண்ணீர்க் குழாய் இருந்தது. அந்தக் குழாயடியில்தான் காலையில் பெண்கள் வரிசை, சாயங்காலத்தில் பையன்கள் கால் கழுவும் ரகளை. குழாய்க்கு எதிரே இரண்டு வாசல்கள். ஒன்று அவர்கள் வீடு, மற்றது மணியம்மா வீடு. நடுவில் அம்மி.

"அங்க" என்று கை காட்டினார். கை காட்டிய இடத்தில் வெறும் பனி.

அவர்கள் திரும்பி வீட்டை நெருங்கும்போது பின்பக்கத்திலிருந்து பாம்பு சீறுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. ஜெகதீஸ்வரனுக்கு அது என்ன சத்தம் என்று தூக்கத்தில்கூடத் தெரியும். ஓடினார்.

முருகையா ஒரு கலனை நேராக நிறுத்திவைத்து, சோப்புப் போட்டுக் கழுவிய கையால் வால்வைத் திறந்துவிட்டு, பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான்! என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல மாப்ள, மேலாக்கா இருக்கிற கழிசலை வெளிய விடுறேன். நல்ல சரக்கு அடியில உக்காந்திருக்கும்ல? ராத்திரியே நிறுத்திவெச்சிட்டேன்." பெருமையாகச் சிரித்தார். "எங்க பெட்டியிலயும் மேல இருக்கிறதை எடுத்துக் கொட்டிட்டுத்தான் ருசி பாப்போம்."

ஜெகதீஸ்வரன் பாய்ந்து வால்வை மூடினார். அளவுமானியை மாட்டிப் பார்த்தார். முள் பாதிக்கும் கீழே கிடந்தது.

"அடுத்தது இனிமேத்தான். நீ வந்துட்ட" என்றார் முருகையா.

ஜெகதீஸ்வரன் விறுவிறுவென்று நடந்தார். லோரியிலிருந்து கையடக்கமான கருவி ஒன்றை எடுத்துவந்தார். காற்றில் பிராணவாயு எவ்வளவு என்று காட்டும் கருவி. வெறும் காற்றில் பிடித்தபோது இருபத்தொன்று காட்டியது. முருகையா கை வைக்காத கலனில் மெல்லக் கசியவிட்டுப் பிடித்தார். முப்பத்திரண்டு. பிறகு, பாதி காலியான கலனில் பிடித்தார்.

முப்பத்திரண்டு.

"பாத்துக்குங்க அத்தான். நீங்க வெளிய விட்டதும் இதேதான், உள்ள மிச்சம் இருக்கிறதும் இதேதான். கழிசலும் இல்ல, அடியும் இல்ல, மேலும் இல்ல."

முருகையா கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. "அப்போ... நல்லதையா மாப்ள ஊதித் தள்ளினேன்?"

"விடுங்க. மறுபடி நெரப்பிக்கலாம்."

ஆனால் நிரப்ப முடியவில்லை. ராத்திரிப் பனியில் வெளியே கிடந்த கம்ப்ரசரின் வடிகட்டி சொதசொதவென்று நனைந்திருந்தது. கடற்கரைச் சூட்டிலேயே பழகியவர் மலைப் பனியை மறந்திருந்தார். மாற்று வடிகட்டி தியோமானில் இருந்தது. நனைந்த வடிகட்டியோடு நிரப்பிய காற்றை மனிதன் சுவாசிக்கக் கூடாது.

நாளைக்குக் கல்யாணம். கையில் இருந்தது ஒரு முழுக் கலனும், ஒரு அரைகுறைக் கலனும்.

*

அணைக் கரையில் தோட்டமே கூடியிருந்தது. பக்கத்து ஊரான திரிங்காப்பிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். பெண் வீட்டார் வலப்பக்கம், மாப்பிள்ளை வீட்டார் இடப்பக்கம். நடுவில் ரூபினி, கையில் மருதாணியோடு.

"கடிச்சா என்ன மாமா பண்ணுவீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"என்னது கடிக்கும்?"

"உங்கக்கா."

கரை முழுக்கச் சிரிப்பு. வடிவம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

ஜெகதீஸ்வரன் ரப்பர் உடுப்பை இழுத்து மாட்டி, முழுக் கலனை முதுகில் ஏற்றி, கயிற்றின் முனையை இடுப்பில் கட்டி, மறுமுனையைக் குகனேஸ்வரனிடம் கொடுத்தார். "நான் ரெண்டு தடவை இழுத்தா சரின்னு அர்த்தம். வெடுக்கு வெடுக்குன்னு இழுத்தா தூக்கு."

இறங்கினார். தியோமானில் தண்ணீருக்குள் ஐம்பதடி தூரத்து மீனின் செதில்கூடத் தெரியும். இங்கே தன் கையே தெரியவில்லை. மேட்டுத் தோட்டங்களிலிருந்து வருஷக்கணக்காக இறங்கிய சேறு, காப்பித் தண்ணீர்போல நிறைந்திருந்தது. குளிர் எலும்பைத் தொட்டது. கண்ணை மூடிக்கொண்டார். திறந்திருப்பதும் மூடுவதும் ஒன்றுதான், ஆனால் மூடியபோது லயம் தெரிந்தது.

கை இரும்புக் குழாய் ஒன்றில் இடித்தது. தண்ணீர்க் குழாய்! துருவேறி இளைத்துப் போயிருந்தாலும் அதன் வளைந்த தலையைக் கை அடையாளம் கண்டுகொண்டது. சின்ன வயதில் அதில் வாய் வைத்துக் குடித்து அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறார். குழாய்க்கு முதுகைக் காட்டி நேராகத் தவழ்ந்தார். சிமெண்டுக் கால்வாய். அதைத் தாண்டி வாசல்படி. பலகைச் சுவர்கள் மக்கிப் போயிருந்தன. செங்கல் அடுப்பு மட்டும் சேற்றுக்குள் நின்றது. அடுப்பின் வாயில் கை நுழைந்தபோது, விடிகாலையில் அங்கே எரிந்த தீயின் வெளிச்சமும், அதன் முன் குந்தியிருந்த அம்மாவின் முதுகும் ஒரு நொடி வந்து போயின. அம்மா போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அடுப்பு இன்னும் இருக்கிறது.

அவர் மூச்சு விட்டார். குமிழிகள் காதோரம் கடகடவென்று ஏறிப் போயின. இதில் எது தீவில் அடைத்த கடல்காற்று, எது நேற்றுப் பிடித்த மலைக்காற்று? அத்தானிடம் கேட்டால் சலித்துச் சொல்வார் என்று நினைத்துச் சிரித்தபோது முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் கசிந்தது.

இரண்டு வாசலுக்கும் நடுவே கையை விட்டுத் துழாவினார். சேறு, சேறு, சேறு. பிறகு கல். நீளமான, கனத்த கல். நடுவில் தொட்டில்போலக் குழிந்திருந்தது.

வெகுநேரம் தோண்டிக் கயிறு கட்டி, உடன் கொண்டுவந்த தூக்கும் பையை அதில் மாட்டி, தன் கலனிலிருந்தே காற்றடித்தார். பை உப்பி, சேறு அம்மியை மனமில்லாமல் விட்டுக்கொடுத்தது. அம்மி ஏறத் தொடங்கியது. குழவிக்காகச் சுற்றும் தடவினார். அகப்படவில்லை. அளவுமானியை முகக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார், ஒளிரும் முள் சிவப்பைத் தொட்டிருந்தது. அவரும் மெல்ல மேலேறினார்.

ஆளுக்கொரு கை பிடித்து அம்மியைக் கரையேற்றினார்கள். குகனேஸ்வரன் ஒரு வாளித் தண்ணீரை அதன் மேல் ஊற்றினான். சேறு வழிந்தது.

சாம்பல் நிறக் கல். புரட்டிப் பார்த்தார்கள். கீழ்ப்பக்கம் சின்னதாக ஒரு சூலம்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" மணியம்மா கும்மியடிக்காத குறைதான். "நான் சொன்னேன்ல? எங்க மாமனாரு கொத்தின சூலம்!"

வடிவம்மாள் கல்லைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்க ஜெகதீஸ்வரனுக்குத் தாங்கவில்லை. தோற்றவள் முகமாக அது இல்லை. தன் வீட்டுக்குள் நுழைந்து, அது தன் வீடில்லை என்று கண்டவள் முகமாக இருந்தது.

"எங்கையி பொய் சொல்லாது" என்றாள் மெதுவாக. "நான் கை வெச்ச கல்லு கறுப்பு." முந்தானையை உதறிக்கொண்டு திரும்பினாள். "ரூபினி, வா வீட்டுக்குப் போலாம்."

"அம்மா!"

"வான்னு சொன்னேன்."

ரூபினி ஒரு அடி எடுத்து வைத்தாள். குகனேஸ்வரன் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு செய்வதறியாமல் நின்றான். ஜெகதீஸ்வரன் அம்மியின் மேல் உள்ளங்கையை வைத்து, அந்தக் குழியைத் தடவிக்கொண்டிருந்தார். கை வைத்த கல். அக்காள் சொன்னது அவர் காதில் திரும்ப ஒலித்தது. லயத்தில் அரைப்பது எப்போதும் வடிவம்மாள்தான். வாசல் முழுக்கப் பெண்கள் கதையளப்பார்கள், அவள் குனிந்த தலை நிமிராமல் அரைப்பாள். புது மருமகளாக வந்திருந்த மணியம்மாவின் வேலை, கல்லைக் கழுவி நிறுத்தி வைப்பது.

"அக்கா, நில்லு. அரைக்கிறப்போ உன் கை எதுல இருக்கும்? அம்மியிலயா, குழவியிலயா?"

வடிவம்மாள் நின்றாள்.

"உன் கல்லு இன்னும் மேல வரல. சோடியில பாதிதான் வந்திருக்கு" என்றார் அவர். "ரெண்டு பேரும் உக்காருங்க. ஒடம்பு ஆறணும் எனக்கு. ஒரு டீயைக் குடிச்சிட்டு மறுபடி எறங்குறேன்."

*

உடனே இறங்க முடியாது. உடம்பில் ஊறிய நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். எல்லோரும் சோறு தின்றார்கள். அவர் டீயோடு உட்கார்ந்திருந்தார். அம்மியின் ஒரு பக்கம் வடிவம்மாள், மறுபக்கம் மணியம்மா. முருகையா அந்த அரைகுறைக் கலனைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"நான் மட்டும் ஊதித் தள்ளாம இருந்திருந்தா..."

"இருக்கிறது போதும் அத்தான்."

"போதுமா மாப்ள? நெஜமா?"

எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். தேட வேண்டியிருந்தால் போதாது. அதை அவர் சொல்லவில்லை. கடைசி நாளை நினைத்துப் பார்த்தார். மழை. காற்று. மூட்டையைத் தலையில் வைத்து எல்லோரும் ஏறுகிறார்கள். அம்மா கதவருகே குனிகிறாள்... எதற்குக் குனிந்தாள்? கதவு! காற்றில் அந்தப் பலகைக் கதவு படார் படாரென்று அடித்துக்கொள்ளும். அதற்கு அண்டைகொடுக்க அம்மா எப்போதும் வைப்பது குழவியைத்தான். திரும்பி வரத்தானே போகிறோம் என்று கதவைத் திறந்தபடி நிறுத்தி, குழவியை முட்டுக்கொடுத்துவிட்டு வந்திருப்பாள்.

அரைகுறைக் கலனை முதுகில் ஏற்றினார். குகனேஸ்வரன் கயிறு பிடித்தான். இந்த முறை கரையில் யாரும் கேலி பேசவில்லை.

குழாய். கால்வாய். வாசல்படி. வலப்பக்கம் கதவு நிலை இருந்த இடம். துருப்பிடித்த கீல் ஒன்று கையைக் கீறியது. அதன் அடியில், சேற்றுக்குள் முழங்கை வரை விட்டார். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே. மூச்சை நிதானமாக, சிக்கனமாக விட்டார். முள் இறங்கிக்கொண்டே வந்தது. இன்னும் ஒரு சாண். விரல் நுனியில் வழவழப்பாக ஒன்று உருண்டது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

கயிறு இரண்டு தடவை இழுபட்டது. கரையில் ரூபினி அழத் தொடங்கினாள்.

அவர் மேலே வந்து, மூச்சுக்கருவியைத் துப்பிவிட்டு, முழங்கால் தண்ணீரில் நின்றபடியே குழவியைக் கழுவினார். கரிக்கட்டைபோல் கறுப்பு. ஒரு முனையில் சொட்டை. வடிவம்மாள் தண்ணீருக்குள் இறங்கி வந்தாள். சேலை நனைவதைக்கூடக் கவனிக்கவில்லை. குழவியைத் தொட்டதும் அவள் கட்டைவிரல் தானாகவே அந்தச் சொட்டையில் போய் உட்கார்ந்தது.

"இதுதான். இதுதான்டா."

அம்மியின் மேல் வைத்தார்கள். கறுப்புக் குழவி சாம்பல் அம்மியின் குழிக்குள், தூக்கத்தில் புரண்டு படுக்கும் பிள்ளைபோல, ஆடாமல் அமர்ந்தது. எங்கே இந்தக் கல் தேய்ந்ததோ அங்கே அந்தக் கல்லும் தேய்ந்திருந்தது. ஒரு வீட்டு அம்மியும் இன்னொரு வீட்டுக் குழவியும் எப்போது சோடி சேர்ந்தன என்று சொல்ல அந்தத் தலைமுறையில் ஒருவரும் மிச்சமில்லை.

மணியம்மா கிட்டே வந்தாள். குழவியை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். கர்ர்ரென்று பழைய சத்தம் கேட்டது. கீழ் லயத்துக் காலைகளின் சத்தம். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் மூக்கை உறிஞ்சினார்கள்.

"கொழவி கறுப்புதான் வடிவு" என்றாள் மணியம்மா. "மறந்துதான் போச்சு எனக்கு."

"எனக்கு அம்மி மறந்து போச்சு" என்றாள் வடிவம்மாள். பிறகு, குரலைத் தேற்றிக்கொண்டு, "சரி, நாளைக்கு மஞ்சள் யாரு அரைக்கிறது?" என்றாள்.

"என்ன கேள்வி? மாப்ள வீட்டுலதான்."

"அதெப்படி? பொண்ணு வீட்டு மஞ்சள்லா அது!"

"அத்தே, அம்மா, ரெண்டு பேரும் அரைங்க. நான் ஒருத்தி போதாதா பூசிக்கிறதுக்கு?" என்று ரூபினி கத்தினாள். குகனேஸ்வரன் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்து மாமனின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டான்.

*

ஞாயிற்றுக்கிழமை ரூபினி அந்த அம்மியை மிதித்தாள். குழவி பக்கத்திலேயே மஞ்சள் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

திங்கள் காலையில் ஜெகதீஸ்வரன் லோரியில் சாமான்களை ஏற்றினார். கடைசியாக அந்த அரைகுறைக் கலனைத் தூக்கும்போது முருகையா தயங்கித் தயங்கி வந்து கேட்டார்.

"அதுல ஏதாச்சும் மிச்சம் இருக்கா மாப்ள?"

"கொஞ்சம் இருக்கு."

"தெறந்து விட்டுட்டா தூக்க லேசா இருக்குமே?"

"வேணாம் அத்தான். இருக்கட்டும்."

தீவுக்குப் போனதும் இதன் மேல் மறுபடி கடல்காற்றை அடைப்பார்கள். பிறகு அதற்கும் மேல். யாரோ ஒரு வெள்ளைக்காரர் இதை முதுகில் கட்டிக்கொண்டு பவளப்பாறை பார்க்கப் போவார். அவர் விடும் மூச்சில் இந்த மேட்டுத் தேயிலைச் செடியோரத்துக் காற்றும் ஒரு துளி இருக்கும், அவருக்குத் தெரியாமலே.

கலனைப் படுக்கவைத்து, உருளாமல் இருக்கச் சாக்கைச் சுருட்டி முட்டுக்கொடுத்தார். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் "போய்ச் சேந்ததும் போன் பண்ணு" என்றார்கள். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, ஃபாக்டரி தாண்டும் வரை அவர் லோரியை மெல்லத்தான் ஓட்டினார்.